ஆபீஸ் விபிஎன்னை போனுக்குக் கொண்டுபோகிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை எனக்கு. எங்கள் சர்வீஸ் ஆட்கள் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டாரைப் பிரிப்பவர்கள். இந்த பம்புக்கு வாரண்டி பாக்கி இருக்கிறதா, இம்பெல்லர் ஸ்டாக்கில் உண்டா என்று கிணற்று மேட்டில் நின்றபடியே பார்த்தாக வேண்டும். இந்த விவரமெல்லாம் இருக்கும் ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு மென்பொருள்) சர்வர் இணையத்துக்குத் திறந்து வைக்கப்படவில்லை. விபிஎன் என்ற, இணையத்துக்குள்ளேயே ஆபீஸ் வரை போடும் மூடிய பாதை வழியாகத்தான் எட்டும். லேப்டாப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விபிஎன்னை போனுக்கும் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. அதே வேலை உங்கள் தலையிலும் விழுந்திருந்தால் இந்தக் குறிப்பு உதவும்.

தகவலைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷனைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. அதை நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். வேலை வாங்குவது போனின் சுபாவம்தான். பாக்கெட்டுக்குள் போனதும் தூங்கிவிடும். வைஃபையிலிருந்து 4ஜிக்கும் அங்கிருந்து திரும்பவும் தாவிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உங்கள் ஆப்பை சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும், அதில் தப்பும் இல்லை.

முதலில், ஆப் எழுதத்தான் வேண்டுமா?

பாதிப் பேருக்கு வேண்டாம். ஐகேஈவி2 (IKEv2) வகை விபிஎன் ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டுகளிலும் உள்ளேயே வருகிறது. பழைய விபிஎன் வகையான பிபிடிபியின் (PPTP) கதையை யாராவது எடுத்தால் காதில் வாங்காதீர்கள். ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10உடன் அதைத் தூக்கிவிட்டது, ஆண்ட்ராய்டு 12இலிருந்து புதிதாக அமைக்கவும் வழியில்லை. பத்துப் பதினைந்து பேர்தான் என்றால் வயர்கார்டு (WireGuard) என்ற திறந்த மூல விபிஎன்னின் சொந்த ஆப்பைப் போட்டு, ஒரு கியூஆர் கோடைக் காட்டினால் முடிந்தது. ஆனால் அந்த கியூஆர் கோடுக்குள் பிரைவேட் கீ, அதாவது ரகசியச் சாவி, இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாத ஆபீஸ் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பணியாளர் எண்ணைக் கொண்டு லாகின் செய்ய வேண்டும், சாவி போனிலேயே உருவாக வேண்டும், போன் தொலைந்தால் அந்த ஒரு போனை மட்டும் துண்டிக்க வேண்டும் என்றால் சொந்த ஆப் தேவைப்படும். அப்போதும் டனலை, அதாவது தகவல் துண்டுகளான பாக்கெட்டுகளை என்கிரிப்ட் செய்து கொண்டுபோகும் குழாயை, நீங்கள் எழுதாதீர்கள். வயர்கார்டின் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் மூலநிரல்கள் திறந்தே கிடக்கின்றன, உங்கள் ஆப்புக்குள் வைத்துக்கொள்ள லைசென்ஸும் இடம் தருகிறது.

புரோட்டோகால்

லேப்டாப்பில் உங்கள் விபிஎன் டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) மேல் ஓடுகிறதா? போனுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். டனலுக்குள்ளும் டிசிபி, வெளியேயும் டிசிபி என்றால் சிக்னல் கொஞ்சம் தேய்ந்ததும் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு மறுபடி அனுப்பும். லைன் படுத்துவிடும். மறுபடி அனுப்பாத யூடிபிதான் சரி.

அடுத்து பார்க்க வேண்டியது, ஐபி முகவரி மாறினால் டனல் உயிரோடு இருக்குமா என்பது. ஐகேஈவி2வுக்கு இதற்கென்றே மோபைக் என்ற நீட்டிப்பு உண்டு. 2006இல் ஆர்எஃப்சி 4555 ஆக வந்தது. வயர்கார்டில் இது பிறவிக் குணம்: சரியான சாவியால் பூட்டிய ஒரு பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தாலும், இனி பதில் அங்கேதான் என்று சர்வர் மாற்றிக்கொள்ளும். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதி, 2020இல் லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது இது. ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்குத் தனி வசதி இல்லாத பழைய மலிவு ப்ராசஸர்களிலும் இது பயன்படுத்தும் சாசா20 முறை வேகமாக ஓடும் என்பது இன்னொரு காரணம். எங்கள் ஆட்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட போன்கள்தான், அதனால் நான் யோசிக்கவே இல்லை.

ஆண்ட்ராய்டின் வாசல்

2011 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 4.0 வரும்வரை வெளியாள் எழுதிய விபிஎன் போனில் ஓட வேண்டுமானால் போனை ரூட் (முழு அதிகாரம் பெறத் திறப்பது) செய்ய வேண்டும், கெர்னலில் டன் (TUN) என்ற போலி நெட்வொர்க் மாட்யூல் இருக்க வேண்டும். 4.0இல் வந்த விபிஎன்சர்வீஸ் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. முறை எளிது: ப்ரிப்பேர் என்ற ஃபங்ஷனை அழைத்தால் பயனரிடம் அனுமதிப் பெட்டி காட்டப்படும்; சரி என்றால் பில்டரில் முகவரி, ரூட் (எந்த முகவரிகள் டனலில் போக வேண்டும்), எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) எல்லாம் கொடுத்து எஸ்டாப்ளிஷை அழைக்க, படிக்கவும் எழுதவும் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் கைக்கு வரும். அதிலிருந்து படிப்பதெல்லாம் மற்ற ஆப்கள் அனுப்பிய பச்சை ஐபி பாக்கெட்டுகள். சாதாரண ஆப் ஒன்றுக்குப் போன் முழுவதன் போக்குவரத்தும் கிடைக்கிற இடம் இது. ஆண்ட்ராய்டு எச்சரிப்பதும், மேலே சாவிப் படத்தைத் தொங்கவிடுவதும் அதனால்தான்.

இங்கே மாட்டிக்கொள்ளும் முதல் இடம் சுழற்சி. ஒரு பாக்கெட்டை என்கிரிப்ட் செய்து சர்வருக்கு அனுப்புகிறீர்கள். அதுவும் போனிலிருந்து வெளியே போகிற பாக்கெட்தானே, ஆண்ட்ராய்டு அதையும் பிடித்து உங்கள் டனலுக்குள்ளேயே போடும். நீங்கள் மறுபடி என்கிரிப்ட் செய்வீர்கள். அது மறுபடி உள்ளே வரும். லாக் எனும் பதிவேட்டில் பார்த்தால் உள்ளே வருகிற பாக்கெட் எண்ணிக்கை குதித்து ஏறும், வெளியே ஒன்றும் போயிருக்காது, போன் கையில் சுடும். இதைத் தடுக்க ப்ரொடெக்ட் என்ற அழைப்பு இருக்கிறது. சர்வருக்குப் போகும் சாக்கெட்டை (இணைப்பு முனையை) முதல் பாக்கெட் அனுப்பும் முன்பே அதனிடம் கொடுத்துவிட வேண்டும். சாக்கெட்டை மூடித் திறந்தால் புதியதற்கும் கொடுக்க வேண்டும். அது பொய் (false) என்று திருப்பித் தந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மேலே போகாதீர்கள். ஆபீஸ் முகவரிகளை மட்டும் டனலில் விட்டால் ப்ரொடெக்ட் இல்லாமலும் எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும். பின்னால் யாராவது 0.0.0.0/0 என்று ரூட்டை மாற்றும் நாளில் மொத்தமும் விழும்.

இரண்டாவது, எஸ்டாப்ளிஷ் கொடுக்கும் டிஸ்கிரிப்டர் இயல்பில் நான்பிளாக்கிங், அதாவது பாக்கெட் வரும்வரை காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். தெரியாமல் ஒரு லூப் போட்டுப் படித்தால், பாக்கெட் எதுவும் இல்லாதபோதும் ப்ராசஸர் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஜாவாவில் நேரடியாகப் படிப்பதாக இருந்தால் ஆண்ட்ராய்டு 5இலிருந்து இருக்கும் செட்பிளாக்கிங்கை உண்மையாக்குங்கள் (true). "ஆப் போட்டதிலிருந்து சார்ஜே நிக்கலைங்க" என்று வரும் புகார்களில் நிறைய இங்கேதான் முடியும்.

எதை டனலில் விடுவது

போன் பணியாளருடைய சொந்தப் போன். அவர் யூடியூப் பார்ப்பது ஆபீஸ் லைன் வழியாகப் போக வேண்டியதில்லை, அவர் என்ன பார்க்கிறார் என்று நமக்குத் தெரியவும் வேண்டாம். ஆகவே ஆபீஸ் முகவரித் தொகுதி மட்டும் டனலில். இதில் மூன்று கண்ணிவெடிகள்.

ஆபீஸ் லேன் (உள் நெட்வொர்க்) 192.168.1 என்று இருக்கிறதா? வாடிக்கையாளர் வீட்டு வைஃபை ரவுட்டரும் அதேதான். அங்கே போய் இணைந்தால் ஆபீஸ், அந்த வீட்டு லேன் இரண்டில் ஒன்று எட்டாது. 10இல் தொடங்கும் தொகுதியில் யாரும் எடுக்காத ஒரு மூலையாகப் பார்த்து ஈஆர்பியை அங்கே நகர்த்துங்கள். 100.64இல் தொடங்கும் தொகுதி காலியாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள், அது மொபைல் கம்பெனிகள் தங்கள் நாட் (பல போன்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் NAT முறை) வேலைக்கு வைத்திருப்பது.

அடுத்தது ஐபிவி6, அதாவது ஐபிவி4க்குப் பிந்திய புது முகவரி முறை. நீங்கள் ஐபிவி4 முகவரியும் ரூட்டும் மட்டும் கொடுத்தால், ஆண்ட்ராய்டு 5 முதல் அந்த விபிஎன்னுக்குள் இருக்கும் ஆப்களின் ஐபிவி6 போக்குவரத்து முழுவதும் தடுக்கப்படும். கசியாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு, ஆனால் நம் மாதிரி பாதியை மட்டும் டனலில் விடுகிறவர்களுக்கு அது இடைஞ்சல்: விபிஎன்னைப் போட்டதும் சில தளங்கள் இழுத்து இழுத்துத் திறக்கும். அலவ்ஃபேமிலி என்ற அழைப்பில் ஐபிவி6ஐத் தடுக்காமல் விடச் சொன்னால் சரியாகும். முழு டனல் போடுகிறவர்கள் இதற்கு நேர்மாறாக ஐபிவி6ஐயும் டனலுக்குள் இழுக்க வேண்டும்.

மூன்றாவது டிஎன்எஸ், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை. ஆபீஸ் டிஎன்எஸ் சர்வரை பில்டரில் சேர்த்தால் போனில் தேடுகிற ஒவ்வொரு பெயரும் ஆபீஸுக்கு வந்து கதவைத் தட்டும். ஒன்றும் சேர்க்காவிட்டால் போனின் வழக்கமான டிஎன்எஸ்ஸே தொடரும். நான் செய்தது: ஈஆர்பிக்கு ஒரு பொது டொமைன் பெயர் கொடுத்து, அதை உள்முகவரிக்குக் காட்டிவிட்டேன். இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குவதும் சுலபம். சில ரவுட்டர்கள் பொதுப் பெயருக்கு உள்முகவரி பதிலாக வந்தால் அதை வடிகட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போகச் சொன்னால் வேலை முடியும்.

எம்டியு

எம்டியு தப்பானால் வரும் போன் அழைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "அக்கா, சாவி காட்டுதுங்க, லாகின்கூட ஆகிருச்சுங்க, ஸ்டாக் லிஸ்ட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க." லாகின் சின்ன பாக்கெட், போய்விடும். ஸ்டாக் லிஸ்ட் பெரிய பாக்கெட்டுகளாக வரும், வழியில் எங்கோ விழும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்கு இதுதான். ஈதர்நெட்டில் 1,500 பைட். வயர்கார்டு தன் பங்குக்கு ஐபிவி4இல் 60, ஐபிவி6இல் 80 பைட் சேர்க்கும். அதனால்தான் லேப்டாப்பில் 1,420 என்று பார்த்திருப்பீர்கள். மொபைல் நெட்வொர்க் உங்கள் பாக்கெட்டைத் தன் பங்குக்கு இன்னொரு டனலுக்குள் போடுகிறது. அங்கே 1,500 கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஐபிவி6இன் கீழ் எல்லையான 1,280ஐ வைத்துவிடுங்கள். வயர்கார்டின் ஆண்ட்ராய்டு ஆப்பும் அதைத்தான் வைக்கிறது. சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,252 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) விடுங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1,280. அது போய் வந்தால் ஸ்டாக் லிஸ்ட்டும் வரும். கொஞ்சம் வேகம் குறையுமே என்று கேட்பவர்களுக்கு: தாராபுரத்தில் 4ஜி கிடைக்கும் வேகத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நெட்வொர்க் தாவும்போது

வயர்கார்டு சர்வர் முகவரி மாற்றத்தைத் தாங்கும். ஆனால் மாறியதை போனில் இருக்கும் உங்கள் ஆப் கவனித்தாக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை: இப்போதைய டீஃபால்ட் நெட்வொர்க் எது என்று ஆண்ட்ராய்டிடம் கேட்டால், உங்கள் விபிஎன்னையே கைகாட்டும். விபிஎன் அல்லாத நெட்வொர்க்குகளைத்தான் கவனிக்கிறேன் என்று வடிகட்டிக் கேட்க வேண்டும். மாறியது தெரிந்ததும் சாக்கெட்டைப் புதிதாகத் திறந்து, ப்ரொடெக்ட் செய்து, சர்வர் பெயரையும் மறுபடி டிஎன்எஸ்ஸில் தேடுங்கள். ஐபிவி6 மட்டும் தரும் மொபைல் நெட்வொர்க்குகள் உண்டு. வைஃபையில் கிடைத்த ஐபிவி4 முகவரியைக் கட்டிக்கொண்டு அங்கே போனால் சிக்கல். இதற்காகவே சர்வரை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுத வேண்டும்.

ஆண்ட்ராய்டு 10இலிருந்து விபிஎன் இணைப்பு இயல்பில் மீட்டர் ஓடும் (டேட்டா கணக்கிடப்படும்) இணைப்பாகக் கருதப்படும். வீட்டு வைஃபையில் இருந்தும் போட்டோ பேக்கப் ஆகவில்லை என்று பணியாளர் வருவார். செட்மீட்டர்டைப் பொய்யாக்கினால் அடியில் இருக்கும் நெட்வொர்க் எதுவோ அதன்படி நடக்கும். ஒரே வரிதான், ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் ஆட்கள் விபிஎன்னை அணைத்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது போட மறப்பார்கள்.

பேட்டரியும் தூக்கமும்

வயர்கார்டில், சீரான இடைவெளியில் வெற்றுப் பாக்கெட் அனுப்பும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்று ஒன்று உண்டு. இணையத்தில் எந்த உதாரணத்தைப் பார்த்தாலும் 25 வினாடி என்று போட்டிருக்கும், எல்லோரும் அப்படியே நகலெடுப்பார்கள். சர்வர் தானாகப் போனைக் கூப்பிட வேண்டிய தேவை இருந்தால்தான் அது வேண்டும். நாட் கதவைத் திறந்தே வைத்திருக்கும் வேலை அது. எங்கள் விஷயத்தில் கேட்பது எப்போதும் போன்தான். அதனால் பூஜ்யம். போன் நிம்மதியாகத் தூங்கும், விழித்து முதல் பாக்கெட் அனுப்பியதும் ஒரு போய்வரும் நேரத்தில் ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவி பேசிக்கொள்வது) முடிந்துவிடும். பணியாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டுமென்றால் கூகுளின் புஷ் சேவையைப் பயன்படுத்துங்கள், ஆண்ட்ராய்டு 6இல் வந்த டோஸ் என்ற தூக்க முறை அதற்குத்தான் வழிவிடும்.

சில போன் தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டு சொல்வதையும் மிஞ்சிப் பின்னணி ஆப்களைக் கொல்வார்கள். அதற்கு நிரலில் மருந்து இல்லை. பேட்டரி செட்டிங்கில் உங்கள் ஆப்பைக் கட்டுப்பாடு இல்லாததாக மாற்றும் பக்கத்தை ஆப்பிலிருந்தே திறந்துவிடுங்கள், ஆப் ஓடுகிறது என்று காட்டும் ஃபோர்கிரவுண்ட் அறிவிப்பையும் வையுங்கள். ஆண்ட்ராய்டு 14இலிருந்து அந்த சர்வீஸ் எந்த வகை என்றும் அறிவிக்க வேண்டும். விபிஎன்னுக்கு சிஸ்டம் எக்ஸெம்ப்டட் என்ற வகை. செட்டிங்ஸில் "விபிஎன் இல்லாமல் இணைப்புகளைத் தடு" என்ற பொத்தானும் இருக்கும், 8.0இல் வந்தது. பாதி டனல் வைத்திருப்பவர்கள் அதைத் தொட்டால் ஆபீஸ் தவிர மற்ற எல்லாம் நின்றுபோகும். அதைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாவிப் படத்தை நம்பாதீர்கள். போனுக்குள் டன் திறந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, சர்வர் எட்டுகிறதா என்பதை அல்ல. ஆப்பின் முகப்பில் கடைசி ஹேண்ட்ஷேக் எப்போது என்று பெரிதாகக் காட்டுங்கள். வயர்கார்டு 120 வினாடிக்குப் பிறகு புதுச் சாவி கேட்கும், 180 வினாடியைத் தாண்டிய பழைய சாவியை ஏற்காது. பணியாளர் ஈஆர்பியைத் திறக்க முயன்றுகொண்டிருக்கும்போதே அந்த நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சர்வர் எட்டவில்லை. போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், மற்றதெல்லாம் பிறகு.

ஐபோன்

ஐஓஎஸ் 9இல், 2015இல், நெட்வொர்க் எக்ஸ்டென்ஷன் வழியாக வெளியாரின் டனலுக்கு ஆப்பிள் இடம் கொடுத்தது. முதலில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2016 இறுதியில் கட்டணம் கட்டிய எல்லா டெவலப்பர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

டனல் உங்கள் ஆப்புக்குள் ஓடாது, தனி ப்ராசஸாக ஓடும். அதற்கு நினைவக வரம்பு உண்டு: ஐஓஎஸ் 14இல் 15 எம்பி, 15இலிருந்து 50 எம்பி. கோ மொழியில் எழுதிய டனலுக்கு 15 எம்பி என்பது ஒற்றை அறை வீட்டில் கல்யாணம் நடத்துவதுபோல. வயர்கார்டின் கோ நிரலில் ஐஓஎஸ்ஸுக்கென்று வரிசைகளையும் பஃபர்களையும் சுருக்கிய தனிக் கோப்பே இருக்கிறது. வேகச் சோதனை ஓட்டும்போது டனல் சத்தமில்லாமல் செத்தால் உங்கள் நிரலில் பிழை தேடும் முன் போன் நினைவகத்துக்காகக் கொன்றவற்றைப் பட்டியலிடும் ஜெட்சம் அறிக்கையைத் திறந்து பாருங்கள். பர் ப்ராசஸ் லிமிட் என்று இருந்தால் நினைவகம்தான் காரணம். அந்த ப்ராசஸுக்குள் JSON தரவைப் பிரிப்பது, லாகைச் சேர்த்து வைப்பது எதையும் செய்யாதீர்கள்; ஆப்பும் டனலும் பகிரும் ஆப் குரூப் கோப்பில் எழுதி, ஆப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரில் டனல் ஓடாது, மேசையில் ஒரு நிஜ ஐபோன் வேண்டும். பட்ஜெட் போடும்போதே அதையும் எழுதிவிடுங்கள்.

சோதனை

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. ஈஆர்பியில் ஒரு பெரிய ரிப்போர்ட்டைத் திறந்தபடியே வைஃபையை விட்டு நடந்து வெளியே போங்கள், லிஃப்டில் ஏறி இறங்குங்கள். பிறகு போனைப் பாக்கெட்டில் போட்டு அரை மணி நேரம் தொடாமல் இருந்து, எடுத்த கையோடு ஸ்டாக்கைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த சோதனைக்களம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பஸ். கல்லாறு தாண்டியதும் சிக்னல் விழும், பர்லியார் பக்கம் எட்டிப்பார்க்கும், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் 4ஜி, 2ஜி, ஒன்றுமில்லை என்று மாறும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கடைசி ஹேண்ட்ஷேக் எண்ணைப் பார்த்துக்கொண்டே போனால், லேபில் கிடைக்காத பிழையெல்லாம் தானாக வெளியே வரும்.

ஆப் கடையில் ஏற்றுவது

விபிஎன் ஆப்கள் மேல் கூகுள், ஆப்பிள் என்ற கடைக்காரர்களுக்கு சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. 2016இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள்: 18 சதவீதம் டனலை என்கிரிப்டே செய்யவில்லை, 84 சதவீதம் ஐபிவி6ஐக் கசியவிட்டன, 38 சதவீதத்தில் மால்வேர் அடையாளம். இப்போது கூகுள் ப்ளேயில் விபிஎன்சர்வீஸைப் பயன்படுத்தினால் அதற்கான அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும், கடைப் பக்கத்தின் விவரத்திலும் எழுத வேண்டும், டனல் முனைவரை என்கிரிப்ஷன் இருந்தாக வேண்டும். இந்த விதிகள் 2022 நவம்பரில் வந்தவை. ஆப்பிளில் தனிநபர் கணக்கில் விபிஎன் ஆப் போட முடியாது, நிறுவனக் கணக்கு வேண்டும். அதற்கான காகிதங்களை நிரல் எழுதத் தொடங்கும் அன்றே அக்கவுன்ட்ஸ் பிரிவிடம் கேட்டுவையுங்கள், நிரல் முடிந்த பிறகும் அவை வந்து சேர்ந்திருக்காது.

இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவைக் காட்டி மேலதிகாரி யாராவது பயந்தால்: வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைக்கும் விதி பொதுமக்களுக்கு விபிஎன் விற்பவர்களுக்கு, நிறுவனங்களின் உள் விபிஎன்னுக்கு அல்ல என்று அவர்களே கேள்வி பதிலில் சொல்லிவிட்டார்கள். ஆனால் சர்வர் லாகுகளை 180 நாள் வைக்கும் விதி நமக்கும் உண்டு, அதற்கு டிஸ்கில் இடம் ஒதுக்குங்கள்.

ஆப்பைச் சரிபார்ப்பவர் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பார், உங்கள் பணியாளர் எண் அவரிடம் இல்லை. லாகின் திரையைத் தாண்ட முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்கென ஒரு டெமோ கணக்கு, அதில் நுழைந்தால் ஒரே ஒரு வெற்றுப் பக்கம் மட்டும் எட்டும் தனி டனல், ஆப் எப்படி ஓடுகிறது என்ற ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றை முதல் தடவையே சேர்த்து அனுப்புங்கள். ஈஆர்பி இருக்கும் நெட்வொர்க்கை அந்தக் கணக்குக்குக் காட்டிவிடாதீர்கள்.